அழித்த பெட்டியும் அழியாத பரணும்

என் கால் நடுங்குவதைப் பார்த்தும் பாராததுபோல் புன்னகைத்துக்கொண்டிருக்கும் விழாத் தலைவர் அம்மையார் அவர்களே! இந்தக் கதையில் தமக்கும் பங்குண்டு என்று தெரிந்தும் துணிந்து மேடையேறியிருக்கும் குழுத்தலைவர் அவர்களே! விரல் நுனியில் வித்தை காட்டும் கணினிக் கலைஞர்களே! முன்வரிசைத் தாய்மார்களே! மூட்டுவலியோடு மூன்று மாடி ஏறி வந்த என் வயதுப் பெரியோர்களே! "ஏதாவது உளறிவிடாதீர்கள்" என்று கண்ணாலேயே கெஞ்சிக்கொண்டிருக்கும் என் மருமகளே! உங்கள் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக என் வணக்கம்!

நான் மேடைக்குப் புதியவன்; எழுத்துக்கும் புதியவன். நாற்பத்தோர் ஆண்டுகள் வீடு மாற்றித் தரும் வேலை பார்த்தேன். ஒரு வீட்டுக் கட்டிலை இறக்கி இன்னொரு வீட்டு மாடிக்கு ஏற்றியவன். சென்ற ஆண்டுதான் மாலை வகுப்பில் சேர்ந்து எழுத்துக்கூட்டக் கற்றேன். கையில் இருக்கும் இந்த ஆறு தாளையும் நானே எழுதினேன். பதினாறு நாள் ஆயிற்று. ஆகவே, பாதியில் கைதட்டி உட்கார வைத்துவிடலாம் என்று யாரும் கணக்குப் போடாதீர்கள். ஆறாவது தாளைப் படிக்காமல் இறங்கமாட்டேன்!

அங்கே யாரோ "சத்தமா பேசுங்க" என்கிறார். ஐயா, மைக் என்னைவிட அதிகமாக நடுங்குகிறது. சற்றுப் பொறுங்கள்.

இன்று வெளியாகும் கையேடு எதைப் பற்றியது? கன்டெய்னர் பற்றியது. கன்டெய்னர் என்றால் என்ன? எனக்குத் தெரியாது! அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது, இந்தத் தாள்கள் தீரும்போதும் தெரியாது. சிரிக்காதீர்கள். என் மருமகள் எத்தனை முறை சொன்னாள்! பெட்டி என்றாள், பெட்டியைக் காணோம். கட்டு என்றாள், கல்லைக் காணோம். ஓடவிடு என்றாள், ஓடியதைக் காணோம். கணினிக்குள் ஒரு பெட்டியாம், அந்தப் பெட்டிக்குள் இன்னொரு கணினி இருப்பதுபோல் ஒரு பாவனையாம். தேவையானபோது கட்டுவார்களாம், தேவை தீர்ந்ததும் அழிப்பார்களாம், மறுபடியும் வேண்டுமென்றால் நொடியில் கட்டுவார்களாம். வீடு கட்டியவன் உண்டா அப்படி? கட்டிய வீட்டைக் கவலையே இல்லாமல் இடித்தவன் உண்டா?

எனக்குப் புரிந்தது ஒன்றே ஒன்று. இவர்கள் குழு ஒரு சட்டகம் செய்திருக்கிறது. பிரேம்வொர்க் என்கிறார்கள். பள்ளிக்கூடத்துக்கோ மருத்துவமனைக்கோ வலைத்தளம் செய்கிறவர், ஆணியிலிருந்து ஆரம்பிக்காமல் இந்தச் சட்டகத்தின்மேல் தம் வேலையை ஏற்றிக்கொள்ளலாம். அதை முதலில் தம் சொந்தக் கணினியில் கட்டி ஓடவிட்டுப் பார்க்கவேண்டும். எப்படிக் கட்டுவது என்று குழுவிடம் இருந்த ஆங்கில வழிகாட்டியைப் பார்த்துத் தமிழில் எழுதித் தருவதுதான் என் மருமகளுக்குக் கொடுத்த வேலை.

ஆறு ஆண்டு வீட்டில் இருந்துவிட்டு, பிள்ளையைப் பள்ளியில் சேர்த்தபின், மறுபடியும் தேடிப்பிடித்த வேலை அது. மூன்று மாதம் பார்ப்பார்கள். பிடித்தால் வைத்துக்கொள்வார்கள், பிடிக்காவிட்டால் போகச் சொல்வார்கள். அந்த மூன்று மாதம் முடிய ஒன்பது நாள் இருந்தபோது, இவள் எழுதிய பதினோரு படிகளை இவள் கணினியே கேட்க மறுத்துவிட்டது. பெட்டி எழும், மூன்று நொடி நிற்கும், விழும். எழும், நிற்கும், விழும். கூடத்து மேசையில் கணினியை வைத்துக்கொண்டு அவளும் எழுவாள், நிற்பாள், உட்காருவாள்.

குழுத்தலைவரைக் கணினித் திரையில் கூப்பிட்டாள். நான் பக்கத்தில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தேன்.

"எனக்கு ஓடுதேம்மா" என்றார் அவர்.

"எனக்கு ஓடல சார்."

"சரி, நீங்க சந்தேகப்படக்கூடாது. உங்க கண்ணு முன்னாலயே என் பெட்டிய அழிக்கிறேன். அழிச்சாச்சா? மறுபடி கட்டறேன். பாருங்க, ஓடுது! ஆறு வருஷம் இடைவெளி விட்டுட்டீங்க இல்ல, எங்கயாவது கை தவறியிருக்கும். பொறுமையா பாருங்க."

கோபமாகச் சொல்லவில்லை, அன்பாகத்தான் சொன்னார். அந்த அன்புதான் இவளை அறுத்தது. (தலைவரே, தலையைக் குனியாதீர்கள். நல்ல கட்டம் இனிமேல்தான்!) அடுத்து இன்னொருவரைக் கேட்டாள். அவரும் அழித்தார், கட்டினார், ஓடியது. இன்னொருவர், அவருக்கும் ஓடியது. பதினான்கு பேர் அழித்தார்கள், பதினான்கு பேருக்கும் ஓடியது. பதினைந்தாவது ஆளுக்கு மட்டும் ஓடவில்லை என்றால், உலகம் யாரைப் பார்க்கும்?

வியாழக்கிழமை காலை என்னிடம் வந்தாள். "மாமா, நாளைக்கு மீட்டிங். வெச்சுக்கிறதா அனுப்பிடறதான்னு நாளைக்குச் சொல்லிடுவாங்க. ஒரு உதவி பண்ணுங்க. இத சத்தமா படிங்க. நான் படிச்சா கண்ணு தானா தாண்டிப் போயிடுது."

"எனக்கு வேகமா வராதேம்மா."

"அதனாலதான் உங்களக் கேக்கறேன்."

படித்தேன். ஒவ்வோர் எழுத்தாகத் தொட்டுத் தொட்டுப் படித்தேன். நான் ஒரு படியைப் படிப்பேன், அவள் அதைச் செய்வாள். நான்கு படி முடிய ஒரு மணி நேரம். ஐந்தாவது படியில் ஒரு வரி: "பெட்டியை அழித்தாலும், இதில் வைத்த தரவு அழியாது." அங்கே நின்றுவிட்டேன்.

"எதுலம்மா வெச்ச தரவு?"

"அது பெட்டிக்கு வெளிய இருக்கும் மாமா. எழுதி வெச்ச விவரமெல்லாம் பெட்டியோட போயிடக்கூடாது இல்ல, அதுக்காகத் தனியா வெக்கிறது."

"பரண் மாதிரியா?"

"சரி, பரண்னே வெச்சுக்கோங்க. அடுத்தது படிங்க."

"இரும்மா. உங்க தலைவர் அன்னிக்கு எதை அழிச்சாரு?"

"பெட்டிய."

"பரண?"

அவள் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தாள்.

பெரியோர்களே, இதில் என் அறிவு எதுவும் இல்லை. என் தொழில் அப்படி! "எல்லாம் எடுத்தாச்சு, வீடு காலி" என்று சொல்லாத வீட்டுக்காரர் உண்டா? ஒருவர் கூட்டித் துடைத்துப் பூட்டுப் போட்டுச் சாவியையும் கையில் கொடுத்துவிட்டார். நான் திரும்ப ஏறிப் பரணைப் பார்த்தேன். பெண்ணின் பள்ளிச் சான்றிதழ் அத்தனையும் ஒரு தகரப் பெட்டியில்! அவர் பொய் சொன்னாரா? இல்லை. அவர் கண்ணுக்கு வீடு என்றால் தரை. பரண் அவர் கணக்கிலேயே இல்லை. அதனால், காலி செய்தேன் என்று யார் சொன்னாலும் என் கழுத்து தானாக மேலே நிமிரும். வேறொன்றுமில்லை, பழக்கம்!

வெள்ளிக்கிழமை நடந்ததை அவள் சொல்லித்தான் கேட்டேன். கூட்ட அறை. பதினான்கு பேர். இவள் எழுந்து, "சார், இந்தத் தடவ பெட்டியோட சேத்து வெளிய இருக்கற தரவையும் அழிச்சுட்டுக் கட்டிக் காட்டுங்க" என்றாளாம்.

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லம்மா."

"சம்பந்தம் இல்லன்னா அழிக்கறதுல என்ன பயம் சார்?"

அழித்தார். கட்டினார். எழுந்தது, நின்றது, விழுந்தது.

"என் மெஷின்ல ஏதோ கோளாறு" என்றாராம். பக்கத்து நாற்காலிக்காரர் "தள்ளுங்க, நான் காட்டறேன்" என்று தமதை அழித்தார். விழுந்தது. "உங்களுக்கெல்லாம் கை ராசி இல்ல" என்று மூன்றாமவர் அழித்தார். அதுவும் விழுந்தது. அடடா, ஒருவர் விழுந்ததைப் பார்த்து இன்னொருவர் நின்றாரா? நிற்கவில்லை! ஆளுக்கு ஆள் அழித்தார்கள், ஆசை ஆசையாய் அழித்தார்கள், அரை மணி நேரத்தில் சட்டகத்தைச் செய்த குழுவில் திறந்திருந்த ஒரு கணினியிலும் சட்டகம் ஓடவில்லை!

என்ன நடந்திருந்தது? புரிந்தவரை சொல்கிறேன், தவறினால் மருமகள் கை தூக்கட்டும். சட்டகம் எழுந்து நிற்க, முதல் நாளிலேயே தரவுக்குள் சில அட்டவணைகள் போட்டு வைக்கவேண்டும். பல மாதங்களுக்கு முன் எல்லோரும் ஒருமுறை போட்டார்கள். பிறகு யாரோ அந்த ஆங்கில வழிகாட்டியைத் திருத்தும்போது அந்தப் படி விடுபட்டுப்போனது. ஒருவருக்கும் தெரியவில்லை. ஏனென்றால் அவரவர் பரணில் அது பத்திரமாக இருந்தது! பெட்டியை எத்தனை முறை அழித்தால் என்ன, பரண் அழியவில்லையே! பரண் காலியாக இருந்தது புதிதாக வந்த ஒருத்திக்குத்தான்.

கை தூக்கவில்லை. அப்படியென்றால் சரியாகத்தான் சொல்லியிருக்கிறேன்!

இப்போது அட்டவணைகள் எங்கே? அவற்றை எழுதியவர் வேலையை விட்டுப்போய் வெகு நாளாயிற்று. அறை முழுக்கத் திகைப்பு. அப்போது மூலையிலிருந்து ஒரு குரல். குழுவில் ஒருவரைத் தூங்குமூஞ்சி என்று கூப்பிடுவார்களாம். இதோ, அங்கே எழுந்து கும்பிடுகிறாரே, அவர்தான்! "நான் இன்னும் அழிக்கலப்பா. லேப்டாப் பைய யாரு திறக்கறதுன்னு உக்காந்திருந்தேன்" என்றாராம். பதின்மூன்று பேரும் பாய்ந்து போய் அந்தப் பையைச் சூழ்ந்து நின்றார்கள். "திறக்காத! தொடாத! மெதுவா!" என்று ஒரே கூச்சல். சோம்பலுக்கு அன்று நடந்த மரியாதை சுறுசுறுப்புக்கு என்றும் நடந்ததில்லை!

அவருடைய கணினியிலிருந்து அந்த அட்டவணைகளைப் பிரதி எடுத்தார்கள். விடுபட்ட படியை என் மருமகளே எழுதினாள். இப்போது உங்கள் கையில் இருக்கும் கையேட்டில் பன்னிரண்டு படிகள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "மாமா, எனக்கு ஒண்ணும் தெரியலன்னு ஒன்பது நாளா அழுதேன். அங்க யாருக்குமே தெரியல மாமா!" என்றாள். சிரித்தாள், அழுதாள், மறுபடி சிரித்தாள். வேலை என்ன ஆயிற்று என்று கேட்டேன். "அத மறந்தே போயிட்டேன். வெச்சுக்கிட்டாங்க" என்றாள்.

நான் அவையோரைக் கேட்கிறேன். புரியவில்லை என்று ஒருவர் சொன்னால், அவருக்கு அறிவில்லை என்று எத்தனை விரைவாக முடிவு கட்டுகிறோம்! புரிந்தவருக்குப் பழகிப்போனது தெரியுமா? தெரியாது. கைவசம் இருப்பவருக்கு இல்லாதவரின் இல்லாமை தெரியுமா? தெரியாது. பதினான்கு பேர் ஓடுகிறது என்று சொன்னது உண்மை. ஒருத்தி ஓடவில்லை என்று சொன்னதும் உண்மை. பதினான்கு உண்மைகள் ஒன்று சேர்ந்தால் அந்த ஓர் உண்மை பொய்யாகிவிடுமா? குழம்பி நிற்பவரைக் குறைவாக எண்ணாதீர்கள். நீங்கள் கவனிக்காமல் கடந்துபோன இடத்தில்தான் அவர் நின்றுகொண்டிருக்கிறார்!

இது ஆறாவது தாள். போன வாரம் அந்தக் குழுவில் புதிதாக ஓர் அம்மா சேர்ந்தார். அவரும் பல ஆண்டு வீட்டிலிருந்து வந்தவர்தான். முதல் நாளே, ஒன்பதாம் படியில், தயங்கித் தயங்கிக் கை தூக்கி, "எனக்கு ஓடல" என்றாராம். அறையில் ஒருவர்கூட "எனக்கு ஓடுதே" என்று சொல்லவில்லை. குழுத்தலைவர் தம் நாற்காலியைத் தாமே இழுத்துக்கொண்டு போய், அவர் பக்கத்தில் போட்டு உட்கார்ந்து, "எங்க நின்னுச்சு, காட்டுங்கம்மா" என்றார்.

எழுதத் தெரியாதவன் எழுதியதை இவ்வளவு நேரம் கேட்ட உங்கள் பொறுமைக்கு நன்றி. மைக்கைப் பிடித்துக்கொண்டே நின்ற தம்பிக்கு நன்றி. எல்லோருக்கும் என் அன்பான வணக்கம்!