பிங்கா பஸ்ஸில் நின்று வந்தவர்கள்

ராத்திரி ஒம்போதே முக்கால் மணி. பிங்கா ரோடு. அந்த ரோட்டுல ராத்திரியில போயிருக்கீங்களா யாராவது? …போகாம இருக்கிறதே நல்லது. ஆத்துப் பள்ளத்தை விட்டு மேட்டுக்கு ஏறுற வரைக்கும் ஒரு விளக்கு கிடையாது. ரெண்டு பக்கமும் மொப்பானி மரக் காடு. நடுவுல செம்மண் புழுதி.

அந்த ரோட்டோரம் ஒரு பொம்பளை தனியா நின்னுக்கிட்டிருந்தா. கையில காட்டு இலந்தைக் கொப்பு ஒண்ணு. முள்ளு குத்தி உள்ளங்கையில ரத்தம்… அதைக்கூடத் துடைக்கல.

இது எனக்கு நடந்ததில்ல. லாரி ஓட்டுற ஃபனுவேல் இருக்கான்ல, நம்ம கூட்டாளி, அவனோட ஒண்ணுவிட்ட அத்தை சென்சேனிக்கு நடந்தது. அவன் குடிச்சிருந்தப்பக்கூட ஒரு வார்த்தை மாத்திச் சொன்னதில்ல. டேய், சிரிக்காத. அந்தக் கட்டையை அடுப்புக்குள்ள தள்ளு, புகையுது. கரண்டு இனி விடிஞ்சாத்தான்.

சென்சேனி அந்தக் கொப்போட நின்னது எதுக்குன்னு சொல்றேன். அவ அண்ணன் மெலூசி. வெள்ளைக்காரன் ஆட்சியை எதிர்த்துச் சண்டை நடந்தப்ப காட்டுக்குப் போன பசங்கள்ல ஒருத்தன். பத்தொம்போது வயசுல போனான். ஒரே ஒரு தடவை வீட்டுக்கு வந்தான். நடு ராத்திரி, ஆட்டுப்பட்டி வழியா. சென்சேனிக்கு அப்ப பதிமூணு வயசு. இருட்டுல அவன் முதுகைப் பார்த்துட்டு, "மெலூசிண்ணே!"ன்னு கத்திட்டா.

அவன் திரும்பவே இல்ல. கல்லு மாதிரி நின்னான். மறுபடியும் கூப்பிட்டா. திரும்பல. முன்னாடி போய் முகத்தைப் பார்த்த பிறகுதான் சிரிச்சான்.

"அடியே, அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டா நான் திரும்ப மாட்டேன். காட்டுல எனக்கு வேற பேரு. சொந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடுறவன் எதிரி… அப்படித்தான் அடிச்சுப் பழக்கியிருக்காங்க. காது கேட்டாலும் கழுத்து திரும்பாது."

"அப்ப அம்மா கூப்பிட்டா?"

"அம்மா கூப்பிட்டாலுந்தான்."

மக்காச்சோளக் களி சாப்பிட்டான். அம்மா புளிச்ச பாலை ஊத்த வந்தப்ப கிண்ணத்தைக் கையால மூடிட்டான். சின்னதுலேர்ந்தே அவனுக்குப் புளிச்ச பால் ஆகாது. வாடை பட்டாலே வாந்தி. "பட்டாளத்துக்கே பயப்படாதவன் பாலுக்குப் பயப்படுறான் பாரு"ன்னு அப்பா கேலி பண்ணினார். விடியறதுக்குள்ள போயிட்டான்.

மறுநாள் தண்ணிக் குழாயடியில சென்சேனி வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்கல. சின்னப் புள்ளை, பெருமை தாங்கல. "எங்க மெலூசி வந்தான்"னு ஒருத்திகிட்ட சொன்னா… ஒரே ஒருத்திகிட்டத்தான். சாயங்காலம் பட்டாள வண்டி வந்துச்சு. கூரைக்குத் தீ வச்சாங்க. அப்பாவை ஏத்திட்டுப் போனாங்க. அவர் திரும்பி வரல. நாலு மாசத்துல, ஆத்தங்கரையில நடந்த சண்டையில மெலூசியும் போயிட்டான்னு சேதி.

அன்னையிலேர்ந்து அந்தப் பேரு சென்சேனி வாயில வரல. வராதுன்னா… வரவே வராது.

சண்டை முடிஞ்சு நம்ம கொடி ஏறிச்சு. அதுக்குப் பிறகு நம்ம பக்கம் இன்னொரு கெட்ட காலம் வந்துச்சு, அதைப் பத்தி இப்ப வேணாம். எல்லாம் ஓஞ்சு, செத்தவங்களைத் தேடலாம்னு தைரியம் வர்றதுக்குப் பத்து வருஷம் ஆச்சு. அதுக்குள்ள அம்மா மாசிபாண்டாவுக்குத் தூக்கமே போச்சு. ராத்திரியெல்லாம் முற்றத்துல நடை. "என் பிள்ளை வழி தெரியாம அலையறான். கூட்டிட்டு வா. இல்லாட்டி எனக்குச் சாவு வராது." செத்த இடத்துல இலந்தைக் கொப்பை வச்சுப் பேர் சொல்லிக் கூப்பிட்டா ஆவி அதுல ஏறி வீட்டுக்கு வரும்ல, அந்த வழக்கப்படி ஆம்பிளைதான் போகணும். வீட்டுல ஆம்பிளை ஏது?

"பேர் சொல்லிக் கூப்பிடணும், கேட்டுக்கோ"ன்னு அம்மா பத்துத் தடவை சொல்லி அனுப்பினா. "மெலூசின்னு சொல்லு. சும்மா வா, வான்னு கூப்பிட்டு வைக்காத. போகும்போது பேசினாப் பேசு. கொப்பைக் கையில எடுத்த பிறகு உசுரோட இருக்கிற யார்கிட்டயும் பேசக் கூடாது. பின்னாடி திரும்பக் கூடாது."

குழியைக் காட்டினது ஆத்துல மீன் பிடிக்கிற டோங்கா இனத்து ஆளு ஒருத்தர். அந்த ஆத்தங்கரைச் சண்டைக்கு மறுநாள் பட்டாளத்துக்காரன் அவரையும் மண்ணு தள்ள வச்சிருக்கான். "பத்தொம்போது பேரு தாயி. ஒரே குழி. எண்ணிக்கிட்டேதான் மூடினேன்"னார். அங்க மேடும் இல்ல, கல்லும் இல்ல. புல்லு மட்டும் கொஞ்சம் பச்சையா இருந்துச்சாம்.

சென்சேனி கொப்பை மண்ணுல வச்சா. வாயைத் திறந்தா. பேரு வரல. தண்ணி குடிச்சுட்டு மறுபடி முயற்சி பண்ணினா… வரல. பொழுது இறங்கிட்டிருந்துச்சு. கடைசியில அழுதுக்கிட்டே சொன்னா:

"அண்ணே… வாண்ணே. வீட்டுக்குப் போவோம். அம்மா கூப்பிடுறா."

அவ்வளவுதான் சொன்னா.

யோசிச்சுப் பாருங்க. அந்தக் குழிக்குள்ள அம்மா இல்லாதவன் எவன்?

கொப்பைத் தூக்கினா. தூக்க முடியல. நனைஞ்ச மூட்டை மாதிரி கனம். ரெண்டு கையாலயும் இழுத்து நெஞ்சோட அணைச்சுக்கிட்டு ரோட்டுக்கு வந்தா. அப்பத்தான் மணி ஒம்போதே முக்கால். பஸ் வந்துச்சு.

கண்டக்டர் கொப்பைப் பார்த்தார். வழக்கம் தெரிஞ்சவர். ரெண்டு டிக்கெட் கிழிச்சார், ஒண்ணு அவளுக்கு, ஒண்ணு அண்ணனுக்கு. பக்கத்து ஸீட்டை அவரே துண்டால தட்டிவிட்டார். பஸ்ல மொத்தமே ஆறு பேரு.

மேடு ஏற ஆரம்பிச்சதும் பஸ் முக்கிச்சு. டிரைவர் கியரை இறக்கினார்… இன்னும் இறக்கினார்.

"என்னய்யா, மேல சிமெண்டு மூட்டை ஏத்தியிருக்கியா?"ன்னு கத்தினார்.

"ஒரு கோழிக் கூடைகூட இல்லண்ணே"ன்னார் கண்டக்டர்.

பின்னாடி ஸீட்டுல இருந்த ஒரு ஆளு எழுந்து முன்னாடி வந்து உக்காந்தார். பிறகு இன்னொருத்தர். ஈர மண் வாடை. துப்பாக்கி எண்ணெய் வாடை. தகரத் தண்ணிக் குப்பி கம்பியில இடிக்கிற மாதிரி… டிங்… டிங். யாரோ வறட்டு இருமல் இருமினாங்க. இருமலை அடக்கிப் பழகினவன் இருமுற மாதிரி.

குவாயி ஆத்துப் பாலம் வந்துச்சு. செத்தவங்களுக்கு வழி சொல்லணும்ல? "அண்ணே, ஆறு தாண்டுறோம்"னு சென்சேனி மெதுவாச் சொன்னா. பஸ்ஸுக்குள்ள ஒரு சலசலப்பு. நிறைய பூட்ஸ் காலு ஒரே சமயத்துல இடம் மாறின சத்தம்.

பாலத்துக்கு அந்தப் பக்கம் போலீஸ் சோதனை. சின்ன வயசுப் போலீஸ்காரன் டார்ச்சோட ஏறினான். ஸீட்டுக்கு நடுவுல நடக்கிற வழியில வெளிச்சத்தை அடிச்சான். உதடு அசையுது… எண்ணுறான்.

"நின்னுக்கிட்டு வர்றதே பத்தொம்போது பேரு! என்ன கண்டக்டர் இது?"

கண்டக்டர் திரும்பிப் பார்த்தார். நடுவழி காலி. தகரத் தரைதான் தெரிஞ்சது.

"இந்தம்மா பக்கத்துல ஸீட்டு காலியாக் கிடக்கு. ஒருத்தராவது உக்காரக் கூடாதா?"

கண்டக்டர் கொப்பைப் பார்த்தார். அப்புறம் சொன்னார்… "ஐயா, இவங்க வீட்டுக்குப் போறவங்க. ரொம்ப நாள் ஆச்சு."

போலீஸ்காரன் டார்ச்சை அணைச்சான். தொப்பியைக் கழட்டினான். பின்னுக்கு நடந்தே படியிறங்கிட்டான்.

சென்சேனிக்கு அப்பத்தான் புரிஞ்சது, தான் என்ன பண்ணிட்டோம்னு. பத்தொம்போது பேரும் நிக்கிறாங்க. அப்ப அண்ணனும் நிக்கிறான். இவ பக்கத்துல இருக்கிற இடம் தனக்குத்தான்னு அவனுக்கே தெரியல. பேர் சொல்லிக் கூப்பிட்டாத்தானே தெரியும்? கொப்பு மேல முகத்தை வச்சுக்கிட்டு அழுதா. முள்ளு கன்னத்துல கிழிச்சது.

விடியக்காலம் மூணரைக்கு லுப்பானே பக்கம் இறங்கினா. ஒத்தையடிப் பாதை, ஒரு மணி நேர நடை. பின்னாடி காலடிச் சத்தம். கூட்டமா இல்ல. வரிசையா… ஆளுக்கு ஆள் இடம் விட்டு. காட்டுல நடந்து பழகினவங்க நடை. இவ நின்னா அதுவும் நின்னுச்சு. ஊர்ல ஒரு நாய்கூடக் குரைக்கல.

முள்வேலி வாசல்ல அம்மா நிக்கிறா. புதுத் துணி, வர்றவனுக்கு ஊத்த கையில ஒரு குடுவை பீர். ஒரு பார்வைதான் பார்த்தா.

"எத்தனை பேரைடி கூட்டிட்டு வந்திருக்க?"

சென்சேனி கொப்பை அம்மா பக்கம் நீட்டினா.

"பேர் சொல்லலியா? பாவி மகளே… படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! இப்பவாவது சொல்லு. யார் பேரைச் சொல்றியோ அவன்தான் இந்த வாசலைத் தாண்ட முடியும். சொல்லு!"

பத்து வருஷம். அந்தப் பேரு அப்பனைக் கொன்ன பேருன்னு நெனைச்சுக்கிட்டிருந்த பொண்ணு. வயித்துலேர்ந்து பிடுங்கிப் போடுற மாதிரி கத்தினா:

"மெலூசீ!"

யாரும் அசையல.



அப்புறம் வரிசையோட கடைசியிலேர்ந்து ஒரு காலடி. அவசரமா, ஓட்டமும் நடையுமா. இவ தோளை உரசிக்கிட்டு, ஜில்லுன்னு, வேலியைத் தாண்டி வீட்டுக்குள்ள போச்சு. அம்மா பீரை மண்ணுல ஊத்திக்கிட்டு ஓன்னு அழுதா. பிள்ளை வந்துட்டான்.

அன்னைக்கு ராத்திரி மாசிபாண்டா தூங்கினா. பத்து வருஷத்துல முதல் தூக்கம்.

மறுநாளே பின்சுவர் ஓரமா அவனுக்குன்னு களியும், ஒரு கிண்ணம் புளிச்ச பாலும் வச்சா. காலையில பார்த்தா கிண்ணம் நக்கித் துடைச்ச மாதிரி சுத்தம்.

"அம்மா, அண்ணனுக்குப் பால் ஆகாதே?"

"காட்டுப் பசி எல்லாத்தையும் தின்னப் பழக்கியிருக்கும்டி"ன்னா அம்மா.

சரி… மத்த பதினெட்டு பேரு? வாசல்லயே நின்னாங்க. கண்ணுக்குத் தெரியாது. அந்தி சாஞ்சா வாடை வரும், இருமல் கேக்கும். மாசிபாண்டாவுக்கு மனசு கேக்கல. "ஊரார் பெத்த பிள்ளைகளை வாசல்ல நிறுத்திட்டு நான் மட்டும் எப்படிடி கதவைச் சாத்துறது?" தினமும் சாயங்காலம் வாசல்ல போய் நின்னு கேப்பா. "உன் பேரு என்னப்பா? உங்கம்மா பேரு என்ன?" சொல்ல மாட்டாங்க. உசுரே போனாலும் சொந்தப் பேரைச் சொல்லாதேன்னு பழக்கின பசங்களாச்சே. போன பிறகும் சொல்லல.

மூணாவது மாசம் ஒருத்தன் சொன்னான். கிசுகிசுன்னு, சின்னப் பிள்ளை மாதிரி. கண்டக்டருங்க மூலமா, சர்ச் ஆளுங்க மூலமாச் சேதி போச்சு. அவன் வீட்டுலேர்ந்து கொப்போட வந்து கூட்டிட்டுப் போனாங்க. அப்புறம் இன்னொருத்தன். பிளம்ட்ரீலேர்ந்து, குவாண்டாலேர்ந்து, ட்ஷொலோட்ஷோலேர்ந்து ஆளுங்க வந்தாங்க. ஒருத்தன் வேற பாஷை பேசுற ஷோனாக்காரப் பையன், கொக்வே பக்கம். அவங்க வழக்கமே வேற. ஆனா அவன் அம்மா அழுத அழுகை நம்ம அழுகைதான்.

பதினோரு வருஷத்துல பதினேழு பேரு போயாச்சு. மிச்சம் ஒருத்தன். அந்த இருமல்காரன்.

அவன் மட்டும் சொல்லவே இல்ல. மாசிபாண்டா சாகும்போது மகள் கையைப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னா, "அவனைக் கேக்கிறதை விட்டுடாத." சென்சேனி விடல. கல்யாணமும் இல்லாம, அந்த வீட்டுல தனியா… தனியான்னா, உள்ள அண்ணன் இருக்கான்னு ஒரு தைரியம். ராத்திரி கட்டில் கிறீச்சிடும். "தூங்குண்ணே"ன்னு சொல்லிட்டுப் படுப்பா.

ஒரு மாசி மாசம். மழை விட்டிருந்துச்சு. சென்சேனி அரிக்கேன் விளக்கோட வாசலுக்குப் போனா. இருமல் கேட்டது. அவளுக்கு என்ன தோணுச்சோ, அன்னைக்குப் பேரைக் கேக்கல. வேற ஒண்ணு சொன்னா. இத்தனை வருஷத்துல யாரும் அவன்கிட்டச் சொல்லத் தோணாத ஒண்ணு.

"தம்பி… சண்டை முடிஞ்சிருச்சுப்பா. எப்பவோ முடிஞ்சிருச்சு. நாமதான் ஜெயிச்சோம். இனிமே பேரைச் சொன்னா யாரும் வீட்டைக் கொளுத்த மாட்டாங்க. யார் அப்பாவையும் பிடிச்சிட்டுப் போக மாட்டாங்க. பயப்படாம சொல்லு."

இருமல் நின்னுச்சு.

விளக்குத் திரி மட்டும் படபடன்னு…

அப்புறம் காதுக்குப் பக்கத்துல, பேசி ரொம்ப நாளான தொண்டையிலேர்ந்து ஒரு குரல்.

"மெலூசி."

சென்சேனி விளக்கைக் கீழ வச்சா. புளிச்ச பால் கிண்ணம் ஞாபகம் வந்துச்சு. பதினோரு வருஷம்… தினமும் காலையில நக்கித் துடைச்ச அந்தக் கிண்ணம்.

அவளுக்குப் பின்னாடி, யாருமில்லாத வீட்டுக்குள்ள, யாரோ மெதுவா நடந்து வந்து… கதவைச் சாத்தி, உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டாங்க.