வெள்ளிக்கிழமை தெரியாத கணினி

மகனை முதன்முதலாகப் பல்கலைக்கழக விடுதியில் விட்டுவிட்டுக் காங்கேசன்துறை பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தேன். முன் இருக்கையில் ஒரு மாணவி மடிக்கணினியைத் திறந்துவைத்துத் தோழனிடம் சொன்னாள்:

“என்ரை பக்டீரியா வெள்ளிக்கிழமையிலை பட்டினி கிடக்குதடா.”

“எந்தப் பக்டீரியா?”

“விடுதிக் கழிவுநீரைச் சுத்திகரிக்கிற தொட்டியிலை இருக்கிறதுகள். கணினியிலை நான் செய்த தொட்டியிலை ஒவ்வொரு நாளும் வயிறு நிறையத் தின்னுதுகள். உண்மைத் தொட்டியிலை வெள்ளியெண்டால் தீனி காணாது. திங்கக்கிழமை கணினி கீறின கோடும் உண்மைத் தொட்டியின்ரை கோடும் பொருந்தாட்டி சேர் என்னைப் பெயிலாக்கிப் போடுவார்.”

“வெள்ளியிலை விடுதிக் குசினியிலை என்ன சமையல்?”

“மரக்கறிதான்.”

“பிறகென்ன? மீன் கழுவின தண்ணியும் இல்லை, இறைச்சிச் சட்டி கழுவின தண்ணியும் இல்லை. அதுகளும் விரதமடி!”

அவள் கொஞ்சம் யோசித்தாள். “அப்ப குசினி அண்ணையிட்டைச் சொல்லி வெள்ளியிலையும் மீன் சமைப்பிப்பமே?”

“உனக்கென்ன விசரே? கணினிக்கு வெள்ளிக்கிழமையைச் சொல்லிக்குடு.”

பஸ் குலுக்கக் குலுக்க அவள் தட்டினாள். பிறகு கத்தினாள்: “ஐயோ, பொருந்துதடா!”

“பாத்தியே?”

“இனி விடுதிக்கு வந்திருக்கிற உந்தப் புதுப் பெடியள் வெள்ளியிலை களவா மீன், மச்சம் எண்டு திண்டால்தான் நான் துலைஞ்சன்.”

மகனை நினைத்து எனக்கும் அதே கவலைதான்.