கன்னத்துக்குப் போன கை

கிள்ளையில் பஸ் நின்றதும் கருவாட்டு வாசனை உள்ளே ஏறியது. மீன் காயும் மணலுக்கு மேலே கருடன்கள் வட்டமடித்த பழைய மதியம் ஒன்று எனக்குள் திரும்பி வந்தது. முன் சீட்டில் பெரிய கேமராவை மடியில் வைத்திருந்தவர், பக்கத்திலிருந்த தன் மனைவியின் தம்பியிடம் சொன்னார்:

“கென்யாவுல சிங்கத்த எதுக்கப் பாத்தப்பகூட என் கை கேமராவ வுடல மச்சான்.”

“பிச்சாவரத்துல வுட்டுட்டீங்களே மாமா! மூணு நாளா எடம் பாத்து வச்சி கூட்டிட்டுப் போனேன். கருடன் படகுக்கு மேலயே வந்துச்சி. நீங்க என்னடான்னா கன்னத்துல போட்டுக்குறீங்க.”

“கருடனப் பாத்தா கை தானா போவுது. நான் என்னா பண்றது?”

“கென்யாவுல கழுகப் பாத்து போட்டுக்கினீங்களா?”

“அது வெறும் கழுகு. இது சாமியாச்சே.” கேமராவுக்கு மூடியைப் போட்டுவிட்டு, “அங்க என் ரூம்ல, எடுத்த கழுகுப் படத்துக்கெல்லாம் நடுவுல, நம்மூரு கருடனுக்குன்னு ஒரு ஃபிரேம காலியா மாட்டிட்டு வந்தேன். நாளைக்கு பிளைட்டு” என்றார்.

மச்சினன் அந்தக் கேமராவை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டான்.

சிதம்பரத்தில் அவரைச் சென்னை பஸ்ஸில் ஏற்றிவிட்டு, ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி சொன்னான்:

“அடுத்த லீவுக்கு வாங்க மாமா. ஒங்களுக்கும் சேத்து நானே கன்னத்துல போட்டுக்கறேன். நீங்க கேமராவ மட்டும் எறக்காதீங்க.”