பச்சை விழுந்த பெட்டிகள்

மீன் வாங்கும்போது கண்ணைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள், ஐயா. செவுளைத் தூக்கிப் பாருங்கள். ரத்தச் சிவப்பாக இருந்தால் வாங்கலாம். பழுப்பேறி வழவழவென்று இருந்தால், கடைக்காரன் எத்தனை சத்தியம் செய்தாலும் நடையைக் கட்டுங்கள். தேநீருக்கு நன்றி. எழுதுகிறவருக்குக் கை வலிக்காமல் மெதுவாகவே சொல்கிறேன்.

துறைமுகத்தை ஒட்டிய ஐஸ் கிடங்கு என்னுடையது. படகிலிருந்து மீன் எடுத்து, ஐஸ் போட்டு, பெட்டிகளில் அனுப்புவது தொழில். இருபத்திரண்டு வருடமாக என் மீனை வாங்கியவர் ஒருவர்தான். பகலில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஐந்து காப்பகங்களுக்கு மதியச் சாப்பாடு செய்து அனுப்பும் சமையல்கூடத்துக்காரர். எல்லோரும் அவரை மூக்கண்ணன் என்பார்கள். மூக்கு ஒன்றும் பெரிதில்லை, மோப்பம் அப்படி. அந்த ஐந்தில் ஒரு காப்பகத்தில்தான் என் மகள் வேலைக்குப் போகிற வழியில் என் பேத்தியை விட்டுவிட்டுப் போவாள்.

தினமும் வண்டியோடு நானே போவேன். மூக்கண்ணன் வாசலுக்கு வந்து மூடியைத் திறப்பார். ஒரு மீனை எடுத்து, கட்டைவிரலால் செவுளைத் தூக்கி, மூக்கருகே கொண்டுபோய், "சரி தம்பி" என்பார். அந்த ஒரு ‘சரி’தான் எங்களுக்குள் ஒப்பந்தம். சில நாள் உதட்டைப் பிதுக்குவார். நான் மறுபேச்சுப் பேசாமல் பெட்டியைத் திரும்ப ஏற்றிக்கொண்டு வந்துவிடுவேன். அதில் எனக்கு மனத்தாங்கல் வந்ததே இல்லை. பார்த்துத்தானே வேண்டாம் என்கிறார்.

பிறகு காப்பகங்களை நடத்தும் நிறுவனம் பிளாக்செயின் என்று ஒரு பதிவு முறையைக் கொண்டுவந்தது. சட்டைப் பொத்தான் அளவு ஒரு கருவி, பெட்டிக்கு ஒன்று. உள்ளே எவ்வளவு குளிர் என்று விடாமல் எழுதிக்கொண்டே இருக்கும். நாங்கள் அதற்குப் பொட்டு என்று பெயர் வைத்தோம். பொட்டு எழுதுவதெல்லாம் ஒரு சங்கிலியில் ஏறும். படகுக்காரர், நான், மூக்கண்ணன், நிறுவனம், எல்லோர் போனிலும் அதே பதிவு இருக்கும். ஏறியதை யாரும் அழிக்க முடியாது. குளிர் ஒழுங்காக இருந்தால் பச்சை, இல்லாவிட்டால் சிவப்பு. சொல்லிக்கொடுக்க வந்த ஆபீஸ் பெண், "இனிமே யாரும் யாரையும் நம்ப வேண்டியதே இல்லைங்க" என்றாள். நல்ல பெண்தான், வேலையைச் சுத்தமாகச் செய்தாள்.

மூக்கண்ணன் வாசலுக்கு வருவதை விட்டுவிட்டார். உள்ளே உட்கார்ந்தபடி போனில் பச்சையைப் பார்ப்பார். ஆட்கள் பெட்டியை அப்படியே வெட்டும் இயந்திரத்தில் கவிழ்ப்பார்கள். தலையும் செவுளும் ஒரு பக்கம் கழியும், துண்டுகள் மறுபக்கம் வரும்.

ஒருநாள் ஒரு பொட்டு பழுதாகி, அன்று காலையில் பிடித்த மீனுக்குச் சிவப்பு காட்டியது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவர் அறைக்கே போனேன். திறந்து பார்க்கச் சொன்னேன். அவர் நாற்காலியைவிட்டு எழுந்திருக்கவில்லை.

"நான் பார்த்து என்ன ஆகப்போகுது தம்பி. சிவப்புன்னு ஏறிடுச்சு. நம்ம பழக்கம் வேற, இது வேற."

அந்தச் சிவப்பு இன்றைக்கும் என் பெயருக்கு நேராக இருக்கிறது. நான் செத்தாலும் இருக்கும். சோற்றில் உப்புப் போட்டுச் சாப்பிடுகிற எவனுக்கும் அது உறைக்கும். இருபத்திரண்டு வருடம் என் மீனைத் தொட்டுப் பார்த்த மனிதர், ஒரு பொத்தானுக்காக என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. அழுதேன் ஐயா, அதையும் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.

நல்ல மீனுக்குச் சிவப்பு விழும் என்றால் கெட்ட மீனுக்குப் பச்சையும் விழத்தானே வேண்டும்? அதை அவருக்குக் காட்ட நினைத்தேன், வேறொன்றுமில்லை. பொட்டை எடுத்து ஐஸில் வைத்தேன். பெட்டியை வெயிலில் வைத்தேன். பொட்டு, தான் ஐஸில் இருப்பதாக எழுதியது, அது உண்மை. நான் ஒரு பதிவையும் திருத்தவில்லை. நீங்கள் சங்கிலி முழுவதையும் சோதித்துவிட்டீர்கள், ஒரு பொய்கூடக் கிடைத்திருக்காது.

செவ்வாய்க்கிழமை ஒரு மணி நேரம்தான் வைத்தேன். பச்சை. புதன்கிழமை மூன்று மணி நேரம். பச்சை. வியாழக்கிழமைப் பெட்டிகள் முந்தின நாள் பகல் முழுக்க வெயிலில் கிடந்தவை. அப்படிச் சூடேறிய மீனை மறுபடி ஐஸில் போட்டால் மேலுக்கு ஒன்றும் தெரியாது, செவுள் மட்டும் காட்டிக்கொடுக்கும். உள்ளே ஊறிய விஷம் எவ்வளவு கொதிக்கவைத்தாலும் போகாது. துறைமுகத்தில் இது தெரியாதவர்கள் இல்லை.

அன்றும் அவர் அறை வாசலில் நின்று கேட்டேன். "அண்ணே, இன்னிக்கு ஒரு தடவை செவுளைப் பார்த்துடுங்களேன்."

போனைப் பார்த்தார். "பச்சையாத்தான் இருக்கு. கிளம்பு தம்பி."

எதிரிக்குக்கூட யாரும் மூன்று வாய்ப்புக் கொடுக்க மாட்டார்கள். நான் கொடுத்தேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அறுபத்து மூன்று பிள்ளைகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அறுபத்தொரு பேர் வீடு திரும்பினார்கள்.

இரண்டு வீடுகளுக்கும் போய்க் கையெடுத்துக் கும்பிட நான் தயார். ஆனால் தலைகுனிந்து நிற்க மாட்டேன். பெட்டியை அனுப்பியவன் நான்தான், ஒப்புக்கொள்கிறேன். எனக்குப் பக்கத்தில் மூக்கண்ணனையும் நிறுத்துங்கள் என்றுதான் கேட்கிறேன். அன்றைக்கு அவர் மூடியைத் திறந்துவிடுவார் என்று கடைசி நிமிடம் வரை மனதார நம்பினேன். எத்தனை தடவை கேட்டாலும் இதையேதான் சொல்வேன். அவர் மேல் எனக்கு இருந்த நம்பிக்கை அப்படிப்பட்டது.

வியாழக்கிழமை பேத்தி ஏன் காப்பகத்துக்குப் போகவில்லை என்று இரண்டு முறை கேட்டுவிட்டீர்கள். அதையும் சொல்லிவிடுகிறேன், மறைக்க என்ன இருக்கிறது. காலையில் மகள் அவளுக்குத் தலை சீவிக்கொண்டிருந்தாள். நான் குழந்தையின் நெற்றியில் கை வைத்துப் பார்த்துவிட்டு, உடம்பு சுடுகிறது, இன்று அனுப்ப வேண்டாம் என்றேன். சுடவில்லை. மகள் தொட்டுப் பார்க்கவில்லை.

"நீங்க சொன்னா சரிப்பா" என்றாள்.