ஒரு சிட்டிகை வித்தியாசம்

ஒரு நீருக்குள் அதே நீரைச் சொட்டினால் சூடு வரக்கூடாது. சிந்துஜாவின் கருவியில் வந்தது. ஏன் என்று கடைசி வரை அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை.

இந்த விசாரணைக் குழுவில் இருவருக்கு இத்துறை தெரியாது. மூன்றாமவருக்குத் தெரியும் என்று நினைப்பு. ஆகவே பொறுமையாகச் சொல்கிறேன்.

சூட்டை அளக்கும் அந்தக் கலோரிமானிக்குள் ஒரு சிறு கிண்ணம், அதில் புரதம். மேலே இருக்கும் ஊசி மருந்து மூலக்கூறைத் துளித்துளியாக விடும். மூலக்கூறு புரதத்தின் குழியில் போய் உட்காரும்போது மிகச் சிறிய சூடு வெளிவரும். தெல்தெனிய பஸ்ஸைப் போலத்தான்: முதலில் ஏறுகிறவர்களுக்கு சீட், பிறகு ஏறுகிறவர்கள் நிற்க வேண்டும். குழிகள் நிரம்ப நிரம்பச் சூடு குறையும். அந்த வளைவிலிருந்து, எவ்வளவு இறுக்கமாக ஒட்டுகிறது என்று கணித்துவிடலாம். அழகான கருவி.

ஒரே ஒரு நிபந்தனை. இரண்டு பக்கமும் நீர் ஒன்றாக இருக்க வேண்டும். புரதத்தை மென்சவ்வுப் பையில் கட்டி, ஒரு நாள் கரைசலில் மிதக்க விடுவோம்; பைக்கு உள்ளும் வெளியும் நீர் ஒன்றாகிவிடும். சோம்பேறிகள் அந்தக் கரைசலைக் கொட்டிவிட்டு, மூலக்கூறைக் கரைக்கப் புதிதாகக் கலப்பார்கள். உப்பில் சிறு வித்தியாசம் போதும். நீர்கள் கலக்கும் சூட்டையே ஒட்டும் சூடு என்று எழுதிவிடுவார்கள். சிந்துஜா கொட்டமாட்டாள். பை மிதந்த கரைசலிலேயே ஒரு போத்தல் பிடித்து, பெயர் ஒட்டிக் குளிர்பெட்டியில் வைப்பாள்.

என் மாணவி, ஹேவாஹெட்டத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. நோர்வேயில் ஆய்வுப் படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. மார்ச் முடிவதற்குள் ஒன்றுபோல் மூன்று வளைவுகள் அனுப்ப வேண்டும். முதலாவது ஆகஸ்டில் வந்தது. என் பழைய கட்டுரையின் எண்ணோடு அது பொருந்தவில்லை. தேநீர் நேரத்தில் கட்டுரையையே கொண்டுவந்தாள்.

“சேர், இதுல வர்றது ஒட்டுற சூடு இல்லைங்க. ரெண்டு தண்ணியும் வேற வேறயா இருந்திருக்கு.”

ஆய்வுகூட உதவியாளன் இன்ஷாப் சிரித்தான். “பத்து வருஷமா உப்புத் தண்ணியவா அளந்தீங்க சேர்?”

அந்தக் கட்டுரைதான் எனக்குப் பேராசிரியர் பதவி தந்தது.

கோபத்தில் செய்தேன் என்று எழுதாதீர்கள். விஞ்ஞானிக்குச் சந்தேகப்படத் தெரிய வேண்டும். அவளுக்குத் தெரியுமா என்று பார்த்தேன். அதன்பிறகு அவளுடைய வளைவுகள் ஒன்றுபோல் வரவில்லை. அமிலத்தன்மையை அளந்தாள். கருவியைக் கழுவினாள். மூலக்கூறைப் புதிதாக வாங்கினாள். கடைசியில் புரதமும் மூலக்கூறும் இல்லாமல், போத்தல் நீரை மட்டும், பை மிதந்த பாத்திரத்தின் மீதிக் கரைசலுக்குள் சொட்டினாள். அதற்கும் சூடு. விடையின் வாசலில் நின்றுகொண்டு என்னிடம் வந்தாள்.

“என் கையிலதாங்க சேர் ஏதோ பிழை.”

“அப்படித்தான் தெரியுது மகள்.”

எல்லாவற்றையும் சந்தேகித்தாள், என்னைத் தவிர. அதை நீங்கள் மரியாதை என்பீர்கள். நான் மந்தம் என்பேன்.

மார்ச் முடிந்தது. அவளுடைய விலகல் கடிதத்தை நானே திருத்திக் கொடுத்தேன், மூன்று எழுத்துப்பிழைகள். இப்போது நாவலப்பிட்டியில் ஒரு பார்மசியில் மாத்திரை எண்ணுகிறாள்.

அவள் உறையவைத்து விட்டுப்போன புரதத்தை ஏப்ரலில் நானே கருவியில் ஓட்டிப் பார்த்தேன். மூன்று தடவையும் அவளுடைய ஆகஸ்ட் எண்ணே வந்தது.

ஆகவே முறையில் மாற்ற ஒன்றுமில்லை. மூலக்கூறை, பை மிதந்த கரைசலிலேயே கரைக்க வேண்டும். அந்தப் போத்தலில் வாராவாரம் ஒரு சிட்டிகை உப்புப் போட்டவன் நான். குளிர்பெட்டியின் சாவி என்னிடம் இருக்கக்கூடாது.