ஒரு சாண் ரப்பர்

சைக்கிள் டியூபைக் கத்தரிக்கோலால் வெட்டக் கூடாது. ஓரம் பிசிறு தட்டிவிடும். டியூபைப் பலகையில் இழுத்துப் பிடித்து, சவரம் செய்கிற பிளேடால், நடுவில் நிறுத்தாமல் ஒரே இழுப்பில் கீற வேண்டும். அப்படிக் கீறிய ரப்பர்தான் காரின் முன்கண்ணாடியில் படிந்து மழைத் தண்ணீரைச் சுத்தமாக வழிக்கும். இன்ஸ்பெக்டர் ஐயா, என் வாக்குமூலத்தை இதிலிருந்து தொடங்குகிறேன். நீங்கள் பேனாவை மூடி வைத்துவிட்டீர்கள். பரவாயில்லை, கேட்டுவிட்டு எழுதலாம்.

போன வாரம் வந்தபோது, கண்மாயிலிருந்து மாடு கட்டி இழுத்த எங்கள் காரின் வைப்பரைக் கையில் வைத்துக்கொண்டு நீங்கள் சொன்னது நினைவிருக்கிறது. “மண்ணெண்ணெயில ஊறப் போட்ட ரப்பருங்க இது. தொழில் தெரிஞ்சவன் பண்ணுன வேலை.” அந்தக் காரில் மூன்று பேர் இறந்தார்கள். என் கணவர் ஆவுடையப்பன், அவருடைய அக்கா சின்னப்பிள்ளை, எங்கள் வீட்டில் வேலை செய்த அழகி. தொழில் தெரிந்தவன் என்று நீங்கள் கீரமங்கலம் சைக்கிள் கடை ஹாஜா முகைதீனைப் பிடித்துக்கொண்டு போனீர்கள். நேற்று அவர் மனைவி ஜன்னத் பீவி இங்கே வந்து தூணைப் பிடித்துக்கொண்டு அழுதாள். கொலைக் கேஸ் என்றால் தூக்கு என்று யாரோ அவளிடம் சொல்லியிருக்கிறார்கள். அவளுக்காகத்தான் உங்களைக் கூப்பிட்டு அனுப்பினேன். ஒரு பாவமும் அறியாத மனிதர் கம்பிக்குப் பின்னால் இருக்க நான் இங்கே சோறு தின்ன முடியாது. நீங்கள் சொன்னதில் பாதி சரி. தொழில் தெரிந்த கைதான். ஆனால் அது என் கை.

எங்கள் கார் ஏழு பேர் உட்காரும் பெரிய வண்டி. ஓட்டுகிறவருக்கு முன்னால் மட்டும் ஒரு வைப்பர். நாகராசு டிரைவராக இருந்தவரை அதை அவன் பார்த்துக்கொண்டான். கார்க் கொட்டகை எங்கள் சமையலறை ஜன்னலுக்கு நேரே இருக்கிறது. அவன் எதைக் கழற்றினான், எதை எப்படி மாட்டினான் என்று நாலு வருஷம் பார்த்தேன். போன வருஷம் அவன் பட்டாளத்தில் சேர்ந்துவிட்டான். என் கணவர் தானே ஓட்டத் தொடங்கினார். அவருக்கு ஓட்டத்தான் தெரியும். ஒரு திருகாணியைக் கழற்றத் தெரியாது. வைப்பர் ரப்பர் காய்ந்து வெடித்துப்போயிற்று. யுத்த காலமானதால் திருச்சியில்கூடப் புதிது கிடைக்கவில்லை.

அழகியை அனுப்பி ஹாஜா முகைதீன் கடையிலிருந்து பழைய டியூபில் ஒரு சாண் வாங்கி வரச் சொன்னேன். முதல் தடவை தப்புப் பண்ணினேன். டியூபின் உள்பக்கத்து வெள்ளை மாவு போகட்டும் என்று அதை மண்ணெண்ணெயில் போட்டுவைத்தேன். மறுநாள் தண்ணீரில் விழுந்த அப்பளம் மாதிரி உப்பிக் கிடந்தது. நகத்தால் கீறினால் பிய்ந்து வந்தது. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு இன்னொரு துண்டு வாங்கினேன். இரண்டு கீற்றை ஒன்றோடொன்று சேர்த்துத் தகரச் சட்டத்துக்குள் செருகி, பாக்குவெட்டியின் பிடியால் தட்டி இறுக்கினேன். அழகி வெளியே நின்று குடத்துத் தண்ணீரைக் கண்ணாடியில் ஊற்றினாள். நான் காருக்குள் உட்கார்ந்து வைப்பரின் கைப்பிடியை ஒரு தடவை திருப்பினேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அழகியின் மூக்குத்திக் கல் வரை தெரிந்தது. “ஆத்தாடி, நாகராசு தோத்தான் போங்க” என்றாள். எனக்கு அன்றிருந்த சந்தோஷம் என் கல்யாணத்தன்றுகூட இருந்ததில்லை.

என் கணவர் பார்த்தார். “பரவால்லையே” என்றார். அதுவே போதும் என்றுதான் இருந்தேன். ஒரு மழை நாளில் ஆலங்குடியிலிருந்து வந்த விருந்தாளி ஒருவர், “யுத்த நேரத்துல இதை எங்கிட்டுப் பிடிச்சீங்க?” என்று வைப்பரைத் தொட்டுப் பார்த்துக் கேட்டார். “நம்ம ஹாஜா முகைதீன் போட்டுக் குடுத்தாப்புல” என்றார் என் கணவர். நான் கதவுக்குப் பின்னால் காபி டம்ளர்களோடு நின்றிருந்தேன். விருந்தாளி போனபின், ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். “பொண்டாட்டி திருகாணி திருகுறா, இவன் வேடிக்கை பாக்குறான்னு ஊர் சிரிக்கவா?” என்றார். நாத்தனார் அப்போதே சிரித்தாள். “ஒனக்கு எதுக்கு பிரகதா இந்தக் கரிவேலை? கையைப் பாரு, பட்டறைக்காரன் கையாட்டம் இருக்கு.”

அதையும் பொறுத்துக்கொண்டேன். ஆனால் என் கணவர் தன் பொய்க்கு மரியாதை செய்யத் தொடங்கினார். ஆயுத பூஜையன்று காருக்குச் சந்தனம் வைத்த பிறகு வேலைக்காரர்களுக்கு வேட்டி துண்டு கொடுப்பது எங்கள் வீட்டு வழக்கம். இந்த வருஷம் ஹாஜா முகைதீனையும் ஆள் விட்டு வரவழைத்தார். ஊரே வாசலில் நின்றது. “நம்ம வைப்பருக்கு” என்று எல்லோரும் கேட்கும்படி சொல்லித் தட்டை நீட்டினார். அந்த வேட்டியை மடித்து, வெற்றிலை பாக்கு வைத்து, தட்டை உள்ளேயிருந்து கொண்டுவந்தது நான். ஹாஜா முகைதீன் விழித்தார். “முதலாளி, நான் டியூப்தானே குடுத்தேன்” என்று மெல்லச் சொன்னார். “வாங்கிக்கப்பா” என்று என் கணவர் தட்டை அவர் கையில் திணித்தார். ஊரே சாட்சி என்று நீங்கள் கேஸ் கட்டில் எழுதியிருப்பது அந்தத் தட்டைத்தான். அதைச் சுமந்த கையை உங்களிடம் யாரும் சொல்லவில்லை.

ஐப்பசி பதினாறாம் தேதி புதுக்கோட்டையில் சொந்தக்காரர் வீட்டு நிச்சயதார்த்தம். மூன்று நாள் முன்னதாக ஒரு கீற்றை மண்ணெண்ணெயில் போட்டேன். ரேஷன் எண்ணெய் அரைக் கிண்ணம் போயிற்று. புறப்படுகிற காலையில், அவர் குளித்துக்கொண்டிருந்தபோது, நல்ல ரப்பரை உருவிவிட்டு ஊறியதைத் துடைத்து, ஓரம் சீவிச் செருகினேன். கண்ணாடியில் விளக்கெண்ணெயைத் துணியில் தொட்டு மெல்லிசாகத் தேய்த்தேன். வெயிலில் கண்ணாடி பளபளத்தது. மழையில் அது பால் பூசியது போலாகும் என்று எனக்குத் தெரியும்.

அவரைக் கொல்ல நினைத்ததாக எழுத வேண்டாம். வழியில் மழை பிடிக்கும். கண்ணாடி மறைந்து அவர் வண்டியை நிறுத்துவார். நனைந்துகொண்டு நின்று, “இதுக்கு பிரகதாதான் வேணும்” என்று தன் அக்காவிடம் ஒரு தடவை சொல்வார். நான் ஆசைப்பட்டது இவ்வளவுதான். காரில் ஏறும்போதுகூட அவருக்கு ஒரு சந்தர்ப்பம் இருந்தது. கண்ணாடியைப் பார்த்து, “பளிச்சுன்னு இருக்கே, அழகி தொடச்சாளா?” என்றார். “நீ தொடச்சியா?” என்று கேட்டிருந்தால் நான் வண்டியைப் புறப்பட விட்டிருக்க மாட்டேன்.

இனிச் சொல்வதை நீங்கள் கேட்கவில்லை. முழுதாகச் சொல்ல வந்ததால் சொல்கிறேன். நாத்தனாரின் வெற்றிலைப் பெட்டி ஏன் முன்சீட்டில் திறந்து கிடந்தது என்று விளங்கவில்லை என்றீர்கள். வைப்பர் வேலை செய்யாதபோது நாகராசு ஒரு கை புகையிலையை நனைத்துக் கண்ணாடியில் தேய்ப்பான். தண்ணீர் திவலையாக நிற்காமல் வழிந்து ஓடிவிடும், பாதை தெரியும். எங்கள் வீட்டில் எல்லோரும் அதைப் பார்த்திருக்கிறோம். நாத்தனார் புகையிலை இல்லாமல் வாசலைத் தாண்டமாட்டாள். பெட்டியை நிரப்பிக் கொடுப்பது பதினாறு வருஷமாக என் வேலை. அன்று வெற்றிலை வைத்தேன், பாக்கு வைத்தேன், சுண்ணாம்பு வைத்தேன். புகையிலைப் பொட்டலத்தை வைக்கவில்லை. போகிற வழியில் தேடியிருந்தால் ஒரு கடையில் வாங்கியிருப்பாளே என்பீர்கள். அதற்காகத்தான் அடியில், புகையிலை இருப்பதுபோல, வெற்றுப் பொட்டலம் ஒன்றை மடித்து வைத்தேன். மேலே தனியாக ஒரே ஒரு துண்டுப் புகையிலை வைத்தேன். போகும் வழிக்கு அது போதும்.

திரும்பும்போது விளக்கு வைக்கிற நேரம், நல்ல மழை. கண்மாய்க்கரைப் பாதையில் வலது கைப்பக்கம் தண்ணீர், மதகுக்குப் பக்கத்தில் ஒரு திருப்பம். நின்றிருக்கலாம். ஆனால் அக்கா வண்டியில் இருக்கும்போது அவர் எதற்கும் நிற்கிற மனிதர் இல்லை. பதினாறு வருஷமாக எனக்குத் தெரியும். பெட்டி முன்சீட்டில் கிடந்தது என்றால், ஒரு கையால் ஓட்டிக்கொண்டு இன்னொரு கையால் பொட்டலத்தைப் பிரித்திருக்கிறார். அப்போதாவது என்னை நினைத்திருப்பார்.

அழகிக்காக அழுதேன். மற்ற இரண்டு பேருக்காக அழவில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். அன்று எனக்குத் தலைவலி என்று நின்றுவிட்டேன். அழகியையும் நிறுத்தியிருக்கலாம். “நானும் இருக்கவாங்க? ஒங்களுக்குச் சுக்குத் தட்டிப் போடுவேன்” என்று கேட்டாள். சீர்த்தட்டுத் தூக்க ஆள் வேண்டாமா என்று நாத்தனார் முறைத்தாள். அன்றைக்குப் பார்த்து ஒரு சண்டை எதற்கு என்று, “போயிட்டு வா” என்றேன். இப்போது யோசிக்கும்போது அது தப்பாகத்தான் தோன்றுகிறது. அந்த வைப்பரை நான் போட்டேன் என்று சத்தியம் செய்யக்கூடிய ஒரே ஆள் அவள்தான்.

“அம்மா, நீங்க துக்கத்துல என்னமோ பேசுறீங்க, உள்ள போயிப் படுங்க” என்கிறீர்கள். செத்துப்போன ஆண்பிள்ளை சொன்ன பொய்யை நம்புகிறீர்கள், உயிரோடு இருக்கிற நான் சொல்லும் உண்மையை நம்பமாட்டேன் என்கிறீர்கள். சரி. கார் அதே கொட்டகையில் நிற்கிறது. டியூப் இருக்கிறது, பிளேடு இருக்கிறது. குடத்தில் தண்ணீர் நிரப்பி வைத்திருக்கிறேன். வெளியே நின்று உங்கள் கான்ஸ்டபிள் ஊற்றட்டும். நீங்கள் டிரைவர் சீட்டில் உட்காருங்கள். நான் புதிதாக ஒன்று போட்டுக் காட்டுகிறேன். கண்ணாடியில் ஒரு கோடு நின்றாலும் நான் பைத்தியக்காரி என்று எழுதிவிட்டுப் போங்கள். கோடு நிற்காவிட்டால் பேனாவைத் திறக்க வேண்டும். அதற்குப் பிறகு ஹாஜா முகைதீனை விடுவதும் விடாததும் உங்கள் இஷ்டம். வைப்பரைப் போட்டது பிரகதாம்பாள், கூட யாரும் உதவி செய்யவில்லை என்று மட்டும் எழுதுங்கள்.