பூட்டிய போனில் போன மெயில்

செல்போன் பரவாத காலம். கம்பத்திலிருந்து தேனி போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். புதுச்சேலை கட்டியிருந்தவள்தான் ஆரம்பித்தாள்.

“எங்க வீட்டு போனு பூட்டியேதான் கெடந்துச்சு. ஆனா வேலைக்குப் போட்ட மெயிலு போயிருச்சுக்கா.”

“அதெப்படி?”

“நான் வேலைக்குப் போறது எங்க மாமனாருக்குப் பிடிக்கல. யார்ட்டயும் பேசக் கூடாதுன்னு டயலுக்குப் பூட்டுப் போட்டு, சாவிய இடுப்புல சொருகிக்கிட்டாக. நான் போன் வயரக் கழட்டி வீட்டுல கெடந்த பழைய கம்ப்யூட்டர்ல மாட்டுனேன். நம்பர அதுவே போட்டுக்கிருச்சு. கீகீன்னு கத்திட்டு இன்டர்நெட் லைன் கெடச்சிருச்சு.”

“பதில் வந்துச்சா?”

“வராமயா? வேலையில சேரத்தான் போய்க்கிட்டிருக்கேன்.”

“அவுகளுக்குத் தெரியுமா?”

“காலையில சொன்னேன். ஓடிப்போயி பூட்ட இழுத்து இழுத்துப் பாத்தாக. தொறக்கவே இல்லக்கா!”